காலை ஆறு மணித் தண்ணீர்

வவுனியா,
14.06.1998

அன்புள்ள அண்ணாவுக்கும் ஆன்சலா மச்சாளுக்கும்,

தங்கச்சி அற்புதம் எழுதுகிறேன். அங்கே மூன்று பேரும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன்.

இவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இன்னும் எழுந்து நடக்கவில்லை. பதினைந்து நாளில் திரும்பிவிடுவோம் என்று சொல்லித்தான் கம்சாவை உங்களிடம் விட்டுவிட்டு வந்தோம். திரும்பிவரப் பயணப் பாஸ் கிடைக்காமல் இன்றைக்கு நாலு மாதம். முகாமில் படங்குச் சீலையால் மறைத்த ஓர் அறை தந்திருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரர் இருமினால் என் தலையணை ஆடுகிறது.

அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். முள்ளியவளையில் இருந்தபோது கம்சா வயிற்றோட்டத்தில் கிடந்து தப்பியது உங்களுக்குத் தெரியும். ஒன்பது வயதானாலும் அவளுக்கு இன்னும் அந்த உடம்புதான். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். விறகுக்கு மச்சாள் படுகிற பாடு தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

கம்சாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கச்சி,
அற்புதம்


விசுவமடு,
09.07.1998

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் இருபத்துமூன்று நாள் பயணம் செய்து, வழியில் யார் யாரோ பிரித்து வாசித்து, மறுபடியும் ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. நாங்கள் மூவரும் சுகம். வின்சன் மச்சானுடைய முதுகு தேற ஆன்சலா தினமும் செபமாலை சொல்கிறாள்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பென்சன் எடுத்த விஞ்ஞான வாத்தியாருக்கு வேறென்ன வேலை கிடைக்கும்? ஆசுபத்திரியின் கழிவுநீரை அளக்கிறேன். சிரிக்காதே.

ஆசுபத்திரி இடம்பெயர்ந்து இங்கேதான் வந்திருக்கிறது. அங்கே கழுவுகிற தண்ணீரெல்லாம் இரண்டு சீமெந்துத் தொட்டிகளுக்கு வருகிறது. முதல் தொட்டியில் மண்டி அடியில் தங்கும். இரண்டாவதில் தெளியும். பிறகு ஒரு பலகை இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் எங்கள் கொட்டில் வீடுகளுக்குப் பக்கத்தால் போகும் வாய்க்காலில் விழும். மூடினால் காட்டோரத்து மணல் குழிக்குள் போய் ஊறும். மணல் குழி கிழமைக்கொரு தரம் அடைத்துக்கொள்ளும், அதைக் கிண்டுகிறவர்கள் பாவம். பலகையைத் திறக்கலாமா மூடலாமா என்று சொல்வதுதான் என் வேலை.

எப்படிச் சொல்வது? ஒரு சின்னப் போத்தலில் காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்புவரை தண்ணீரை நிரப்பி, ஆசுபத்திரியில் கிருமிக்குச் சாயம் போடும் நீல மருந்தில் சில துளி விட்டு, இறுக்க மூடி, இருட்டில் ஒரு பானைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். போத்தலுக்குள் ஒரு கலியாண வீடு நடக்கிறது என்று வைத்துக்கொள். பந்தியில் இருப்பது கிருமிகள். அழுக்குத்தான் சாப்பாடு. அவை சாப்பிடச் சாப்பிடத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுத் தீரும். காற்றுத் தீர்ந்ததும் நீலம் மறைந்துவிடும். அழுக்கு நிறைய இருந்தால் ஒரே நாளில் மறையும். கொஞ்சமாக இருந்தால் பல நாள் நிற்கும். நாலு நாள் நின்றால் பலகையைத் திறக்கலாம் என்று கணக்கு. நான் எடுத்த போத்தல் ஒன்றும் ஐந்து நாளுக்குக் குறையவில்லை.

தொட்டி வெட்டவெளியில் இருக்கிறது. பொம்பர் விமானம் வந்தால் ஒதுங்க ஒரு மரமும் இல்லை. அதனால் இங்கே எல்லோரும் வெளிவேலையை விடியலிலேயே முடிப்பதுபோல நானும் ஆறு மணிக்கே சைக்கிளில் போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆகவே நீ தண்ணீரைப் பற்றி யோசிக்காதே. வாய்க்காலோரக் கிணற்றில்தான் நாங்கள் அள்ளுகிறோம். ஆன்சலா கொதிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தாள். “அளந்து பாத்த தண்ணிக்கு ஏனப்பா விறகை எரிக்கிறாய்?” என்று நான்தான் நிறுத்தினேன். “இது உங்கட போத்தல் சொல்லுதோ, நீங்கள் சொல்லுறியளோ?” என்று கேட்டாள். அவளுடைய வாய் உனக்குத் தெரியும்.

கம்சா இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். வகுப்பில் உயரமான பிள்ளை என்று பின்வரிசை வாங்கில் இருத்தியிருக்கிறார்கள்.

அண்ணன்,
மரியநேசன்


வவுனியா,
30.07.1998

அன்புள்ள அண்ணா, மச்சாள், என் கண்ணே கம்சா,

உங்கள் மூவருக்கும் சுகம் என்று வாசித்த அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். இங்கும் குறையில்லை. இவர் கதிரையில் அரைமணி நேரம் இருக்கிறார்.

கடிதத்தை உரத்து வாசித்தேன். அந்த முதுகோடும் இவருக்குச் சிரிப்பு. “கடற்கரையில பிறந்த மனிசன், கடைசியில கக்கூசுத் தண்ணி அளக்கிறாரோ? கடலை அளக்கச் சொன்னாலும் அளப்பார் உன்ர கொண்ணன்” என்கிறார்.

தண்ணீர் விஷயம் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கும் அரை மார்க் சும்மா போடாதவர் நீங்கள். என் சோதனைத் தாளிலேயே வெட்டியவர். உங்கள் அளவை நம்பாமல் யாருடைய அளவை நம்பப் போகிறேன்? கொதிக்கவைக்க வேண்டாம். மச்சாள் அந்த விறகில் ஒரு நேரம் கூடுதலாகச் சமைக்கட்டும்.

கம்சாவை இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கோ.

அற்புதம்


விசுவமடு,
21.08.1998

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓர் அலுவலாகச் சில நாள் ஆசுபத்திரியிலேயே நிற்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்குத் தொட்டிக்குப் போக முடியவில்லை. ஒருநாள் பதினொரு மணிக்குத்தான் போனேன்.

அந்தப் போத்தலில் அடுத்த நாள் பின்னேரமே நீலம் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. போத்தலைச் சரியாகக் கழுவவில்லைப் போலும். திரும்பவும் பார்க்க வேண்டும்.

கம்சா பிறகு எழுதுவாள்.

மரியநேசன்


வவுனியா,
08.09.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதியதே இல்லை. உங்கள் சுகத்தைக்கூட எழுதவில்லை.

ஆசுபத்திரியில் என்ன அலுவல்? மச்சாளுக்குப் பழையபடி வயிற்றுக்குத்தா? ஒளிக்காமல் எழுதுங்கோ. இங்கேயிருந்து குளிசை வாங்கி அனுப்பலாம், பங்குச் சுவாமி ஒருவர் அங்கே வந்து போகிறார்.

டிசம்பர் நத்தார்ப் பெருநாளுக்குக் கம்சாவுக்குச் சட்டை தைக்கப் போகிறேன். பக்கத்து அறை நாகேஸ்வரியிடம் தையல் மெசின் இருக்கிறது. நெஞ்சளவும் நீளமும் அளந்து எழுதுங்கோ. அவள் ஏன் இன்னும் எழுதவில்லை? அம்மாவோடு கோபமா?

அற்புதம்


விசுவமடு,
25.09.1998

அன்புத் தங்கச்சிக்கு,

ஆன்சலாவுக்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறாள். நானும் நடமாடுகிறேன். வின்சன் மச்சான் கதிரையில் இருப்பது பெரிய சந்தோஷம்.

போத்தல் அழுக்கில்லை. நான் திரும்பவும் பார்த்தேன். ஒரே நாளில் ஆறு மணிக்கு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று. ஆறு மணிப் போத்தல் ஐந்து நாள் நின்றது. மற்ற இரண்டும் ஒருநாள் தாங்கவில்லை. மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் அப்படித்தான்.

காரணம் ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்தத் தொட்டி நாற்பது நோயாளருக்குக் கட்டியது. இப்போது இருநூறுக்கு மேல். இரவில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாததால் மண்டியெல்லாம் அடியில் இறங்கி, விடியலில் மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். நான் அதைத்தான் அள்ளினேன். ஒன்பது மணிக்குப் பிறகு கட்டில் துணி, சத்திரசிகிச்சை அறை, கக்கூசு எல்லாம் ஒரே நேரத்தில் கழுவுகிறார்கள். வருகிற வேகத்தில் அடியில் கிடந்ததையும் கலக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறது. கல்வி அதிகாரி காலைப் பிரார்த்தனை நேரத்தில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் சத்தமே இல்லை என்றுதான் எழுதுவார். அவர் பொய் எழுதவில்லை.

ஆசுபத்திரிக்குப் பொறுப்பாக இருந்து வைத்தியம் பார்க்கும் ராஜரத்தினம் அப்போதிக்கரியிடம் அளவு எழுதும் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“ரெண்டு மாதமா நல்லது நல்லது எண்டு எழுதிப்போட்டு இப்ப என்ன மாஸ்டர் சொல்லுறியள்?”

“ஆறு மணித் தண்ணி நல்லதுதான். பதினொரு மணித் தண்ணியை நான் ஒரு நாளும் அள்ளேல்லை.”

“ஏன் அள்ளேல்லை?”

மணல் குழி கிண்டுகிற தவராசா வாசலில் நின்றான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவன், பகிடிக்காரன். அன்று பகிடி விடவில்லை. “பொம்பருக்குப் பயந்துதான். ஆர் பயப்பிடேல்லை? அதைச் சொல்லுங்கோவன் மாஸ்டர்” என்றான். பிறகு தானே போய்ப் பலகையை மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனான்.

கம்சா படுத்திருந்தபடியே உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. நெஞ்சளவு இருபத்தொரு அங்குலம். நீளம் இருபத்தாறு.

மரியநேசன்


வவுனியா,
14.10.1998

அன்புள்ள அண்ணா, மச்சாள், கம்சாக் குட்டிக்கு,

இன்றைக்குச் சுகம் விசாரிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இவர் நடந்துவிட்டார்! படங்கு அறையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை, பதினாறு அடி. நான் எண்ணினேன். “உன்ர கொண்ணனுக்கு எழுது, நானும் அளந்து நடக்கிறன் எண்டு” என்றார்.

நீங்கள் போத்தல் விஷயத்தைக் கண்டுபிடித்தது நல்லது அண்ணா. பிழையைத் தானே கண்டுபிடிக்கிற ஆட்கள் எத்தனை பேர்? மனதைப் போட்டு அலட்ட வேண்டாம்.

சட்டை தைத்து முடிந்து சுவாமியிடம் கொடுத்தாயிற்று. இளம் மஞ்சள், கழுத்தில் வெள்ளைப் பின்னல். அந்தப் பின்னலுக்காக நானும் நாகேஸ்வரியும் எத்தனை கடை ஏறினோம்! நீங்கள் எழுதிய நெஞ்சளவு பிழை. போன வருடமே அவளுக்கு இருபத்துமூன்று. தண்ணீர் அளக்கிறவருக்குப் பிள்ளையை அளக்கத் தெரியவில்லை என்று இருவரும் சிரித்துவிட்டு, இருபத்தைந்து வைத்தே தைத்தேன்.

இந்த மூன்று மாதத்தில் நான் ஒரு சுற்று உடம்பு வைத்துவிட்டேன் என்கிறார்கள்.

அற்புதம்


விசுவமடு,
03.11.1998

என்ர அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கம்சா எழுதுவது,

நான் சுகம். நீங்களும் சுகமா இருக்கவேணும். சட்டை வந்தது. நல்ல வடிவு. ஆனா பெரிசு. மாமி ரெண்டு பக்கமும் ஊசி குத்தித் தந்தா.

எனக்கு நெருப்புக்காய்ச்சல், டொக்டர் சொல்லுற டைபொயிட், வந்தது. இருபத்தாறு நாள் ஆசுபத்திரியில இருந்தனான். மாமா கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தவர். என்ர முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இப்ப முளைக்குது. தவராசா மாமா என்னைக் கோழிக்குஞ்சு எண்டுதான் கூப்பிடுறவர். நான் அவரைக் கிழட்டுச் சேவல் எண்டன். மாமி ஏசினா, ஆனா சிரிச்சவா.

பக்கத்துக் கட்டிலில சிவலட்சுமியக்காவின்ர மகன் இருந்தவர். அவருக்கு நாலு வயசு. என்ர பிஸ்கட்டில பாதி அவருக்குக் குடுத்தனான். அவர் செத்துப்போனார். எங்கட கொட்டில் பக்கம் கனபேருக்குக் காய்ச்சல்.

இதெல்லாம் எழுதாதை, அம்மா பயப்பிடுவா எண்டு மாமி சொன்னா. மாமா அதுக்கு, “அவள் தனக்குத் தெரிஞ்சதை எழுதட்டும். நான் வாசிக்கமாட்டன். நீயே ஒட்டு பிள்ளை” எண்டு சொன்னவர். அதால நானே சோத்துப் பருக்கை வைச்சு ஒட்டுறன்.

மாமா இப்ப நாளைக்கு நாலு தரம் தண்ணி அள்ளப் போறவர். பொம்பர் வந்தாலும் வாறேல்லை. தொட்டிக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கிறார். மாமி கத்துவா.

பள்ளிக்கூடம் போறன். ரீச்சர் என்னை முன்வாங்கில இருத்தியிருக்கிறா. நாங்கள் இப்ப காய்ச்சின தண்ணிதான் குடிக்கிறம்.

அம்மா எப்ப வாறீங்கள்?

கம்சா


வவுனியா,
24.11.1998

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சுகம் எழுத வரவில்லை.

கொதிக்கவைக்க வேண்டாம் என்று எழுதியது நானும்தான். அந்தக் கடிதத்தை நான் மறக்கவில்லை. தண்ணீரைப் பிழையாக அளந்ததற்கு உங்களோடு கோபிக்க எனக்கு வாயில்லை. பொம்பருக்கு நானும் பயந்தவள்தான்.

ஆனால் அண்ணா, அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்துவிட்டேன். என் பிள்ளை காய்ச்சலில் கிடந்த நேரம் நான் சட்டைத்துணி பார்த்துக்கொண்டு கடைத்தெருவில் சிரித்துத் திரிந்திருக்கிறேன். நித்திரை கொண்டிருக்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். அவளுக்காக ஒரு செபமாலை சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கத்தான் பாதை விடவில்லை. இங்கே முழங்காலில் நிற்க என்னை யார் தடுத்தது? நீங்கள் தடுத்தீர்கள். என் பயம் எனக்குரியது. அதை ஏன் எடுத்தீர்கள்?

நான் அழக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கு எப்போதும் அந்தக் குணம்.

பாஸ் கிடைத்துவிட்டது. தைமாதம் ஆறாம் திகதிக்குப் பிறகு வருகிறோம். இன்னும் எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் இப்போதே எழுதுங்கோ. அங்கே வந்து நின்று அறிய என்னால் முடியாது.

உயரமான பிள்ளையை ஏன் முன்வாங்குக்கு மாற்றினார்கள்?

அற்புதம்


விசுவமடு,
12.12.1998

தங்கச்சிக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தும் கேட்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? மச்சான் நடக்கிறாரா?

நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காய்ச்சல் தொடங்கியது ஓகஸ்ட் எட்டாம் திகதி. முதல் கிழமை, இன்றைக்கு விடும் நாளைக்கு விடும், விட்டபிறகு எழுதலாம் என்று இருந்தேன். பிறகு அந்தப் பதினொரு மணிப் போத்தல் வெளிறியது. அதற்குப் பிறகு காய்ச்சலை எழுதினால் தண்ணீரையும் எழுத வேண்டும். தண்ணீரை எழுதினால் காய்ச்சலையும் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் வைக்கப் பயந்து, தண்ணீரை மட்டும் எழுதினேன். நீ என்னைப் பாராட்டிப் பதில் போட்டாய். அந்தக் கடிதத்தை ஆன்சலா வாசித்துவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இன்னொரு பிழையும் உண்டு. நீல நிறம் வாய்க்காலுக்குப் போகும் தண்ணீரின் அழுக்கைத்தான் சொல்லும். கிணற்றுக்குள் கிருமி இருக்கிறதா இல்லையா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. குடிக்கலாம் என்று சொன்னது போத்தல் அல்ல, நான். ஆன்சலா அன்றைக்கே கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

வாய்க்காலோரம் பதினொரு குடும்பம். பதினேழு பேருக்குக் காய்ச்சல். கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருவர் நாயை அவிழ்த்து விட்டார். ஒருவர் தேத்தண்ணி தந்தார். சிவலட்சுமி என்னைக் கதிரையில் இருத்திவிட்டு நிலத்தில் இருந்தாள். கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: “நீங்கள் அளக்காமலே விட்டிருந்தா, நாங்கள் பயந்து காய்ச்சிக் குடிச்சிருப்பம் மாஸ்டர்.”

அவளும் உன்னைப்போலத்தான் பயத்தைப் பற்றியே பேசினாள். உன் கடிதம் வந்தபோது எனக்கு அது விளங்கியது.

வேலையை விடுகிறேன் என்று ராஜரத்தினத்திடம் சொன்னேன். “விட்டிட்டுப் போனா ஆர் பதினொரு மணிக்குப் போறது?” என்றார். போய்க்கொண்டிருக்கிறேன்.

இனி முன்வாங்கு. கம்சாவுக்கு இடது காது கேட்காது. காய்ச்சலாலா, மருந்தாலா என்று டொக்டர் நிச்சயமாகச் சொல்லவில்லை. திரும்பி வராது என்பதை மட்டும் சொன்னார். அவளுக்கு இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வலது காது நன்றாக இருக்கிறது. காலையிலும் மதியத்திலும் பின்னேரத்திலும், பத்து நாள், மெதுவாகப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதாமல் விட்டது வேறொன்றும் இல்லை.

நீங்கள் வரும் அன்று அவளை பஸ் நிற்கும் சந்திக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். பஸ், சைக்கிள், சனம் என்று அங்கே ஒரே இரைச்சலாக இருக்கும். நீ இறங்கியதும் தூரத்திலிருந்து கூப்பிடாதே. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். அதை நீ கோபம் என்று நினைத்துவிடுவாய். வலது பக்கமாகச் சுற்றி வந்து, கிட்ட நின்று கூப்பிடு.

அண்ணன்,
மரியநேசன்